அருவிக்குச் சென்ற வழியும் திரும்பிய வழியும்

சேரன்மகாதேவியில் வாழ்வோர்க்கு அருவி என்பது தொலைவிலுள்ள காட்சிப் பொருள் அன்று. மேற்கே மேகம் கவிந்தால், மறுநாள் ஆறு எவ்வாறு இருக்கும் என்பதை ஊரார் திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவர். பொதிகையின் கொடுமுடியாகிய அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரமுடையது. அம்மலைத் தொடரில் பெய்யும் மழை பாணதீர்த்தமாக வீழ்ந்து, காரையாற்று அணையில் தேங்கி, அகத்தியர் அருவியாக மீண்டும் குதித்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, நம்மூர்ப் படித்துறைக்கு வந்து சேர்கின்றது. ஆயினும் நம் அன்னையார் தம் எழுபத்து நான்காம் அகவை வரையில் அவ்வருவிகளுள் ஒன்றையேனும் கண்டதில்லை. பத்தமடையில் பிறந்து, சிறு வயதிலேயே கோரைப்பாய் நெய்யக் கற்று, பின்னர் இவ்வூருக்கு மணமாகி வந்தவர். ஆற்றை அறிந்தவர், அது விழும் இடத்தை அறியாதவர். மாணவர்களை அழைத்துக்கொண்டு மூன்று முறை அருவிக்குச் சென்று வந்த நாம், வீட்டிலிருந்தவரை ஒரு முறையும் "வருகிறீர்களா?" என்று கேட்டதில்லை. இதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுவதே முறை.

கேட்கச் செய்தவள் ஒரு சிறுமி. நார்வே நாட்டில் பெர்கன் நகரில் பணிபுரியும் நம் இளவல், இரண்டாண்டுகளுக்கு முன் ஆடித் திங்களில் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. வந்த மூன்றாம் நாளே அப்பெண், "பெரியவாப்பா, இங்கே நடப்பதற்கு மலை இல்லையா?" என்றாள். அந்நாட்டில் விடுமுறை நாள் என்றால் குடும்பம் முழுவதும் முதுகில் பை கட்டிக்கொண்டு மலைக்கு நடந்துவிடுவார்களாம். மழை பெய்தாலும் நடப்பார்களாம். மழை நிற்கும் வரை காத்திருந்தால் பெர்கனில் எவரும் வீட்டைவிட்டு வெளியேற இயலாது என்று இளவல் சிரித்தார்.

அவர் காட்டிய படங்களில் செங்குத்தான மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழைந்து கிடந்தது. ‘ஃபியோர்டு’ என்பது அதன் பெயர். முற்காலத்தில் பனியாறுகள் மலையை அரித்துத் தோண்டிய பள்ளத்தாக்குகளில் பின்னர்க் கடல் புகுந்ததால் உண்டானவை அவை. சோக்னே என்னும் ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் செல்கின்றது. அதன் ஆழம் 1,300 மீட்டர். நம் பொதிகையின் மூன்றில் இரண்டு பங்கை அதற்குள் இறக்கி மறைத்துவிடலாம் என்று எண்ணியபோது சற்றுப் பொறாமையாகவும் இருந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனிப்பரப்பாகிய ஜோஸ்டெடால்ஸ்பிரீன் அதற்கு வடக்கே உள்ளது. அதன் கிளையொன்றில் சிறுவர்களும் வழிகாட்டியின் பின்னே ஒரே கயிற்றில் பிணைந்து பனிமீது நடக்கின்றனர். ஆனால் பனி ஆண்டுதோறும் பின்வாங்குகின்றது; பனியைத் தொடுமுன் நடக்க வேண்டிய வெறும்பாறை நீண்டுகொண்டே போகின்றது என்றார் இளவல்.

"நம்ம மலையில் பனியாறு உண்டா?" என்று மீண்டும் அச்சிறுமி. இல்லை என்றோம். பின்னர் யோசித்துப் பார்த்தால், பனியாறு அங்கே செய்யும் தொழிலை இங்கே சோலைக்காடு செய்கின்றது. பெய்த மழையை வேரிலும் மட்கிய இலையிலும் பிடித்து வைத்துக்கொண்டு, வெயிற்காலத்தில் சிறிது சிறிதாக விடுகின்றது. பொருநை வற்றாத ஆறு என்று நாம் பெருமை பேசுவதெல்லாம் அக்காட்டின் கொடையே. 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது முதல் நினைத்த இடத்துக்கெல்லாம் நடக்க இயலாது என்று குறை கூறுவோர் உளர், நாமும் கூறியிருக்கின்றோம். நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிரிடாத நிலத்தில் எவரும் நடந்து செல்லும் உரிமையைக் காக்கின்றது. மக்கள் தொகை குறைந்த நாட்டுக்கு அது பொருந்தும். நம் கூட்டத்துக்கு மலை முழுவதையும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அருவிக்கரையில் கிடக்கும் நெகிழிப் பைகளே சொல்லும்.

ஆகவே அனுமதியுள்ள வழியே போதுமென்று பாபநாசம் புறப்பட்டோம். நம்மூரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. அருவிக்குப் பிரியும் இடத்தில் வண்டியை விட்டு நடந்தோம். இளவல் ஒரு முறை வகுத்தார்: மிக மெல்ல நடப்பவர் முன்னே செல்ல வேண்டும், ஏனையோர் அவரைத் தாண்டலாகாது. அன்னையார் முன் நடந்தார். முழங்கால் வலி அவருக்கு. இருபது அடிக்கு ஒரு முறை நின்றார். நின்ற இடத்திலெல்லாம் பிள்ளைகள் ஏதேனும் ஒன்றைக் கண்டனர். ஓரிடத்தில் மந்தி ஒன்று நம் ரொட்டிப் பொட்டலத்தைப் பறித்துச் சென்றது. சிறுவன் அழவில்லை, அதற்குத் தண்ணீரும் வேண்டுமே என்று கவலைப்பட்டான். மாணவர்களோடு சென்ற மூன்று முறையும் நம் கண்ணில் படாத மரங்களை அன்று கண்டோம். அவ்வளவு மெதுவாக அவ்வழியில் நாம் நடந்ததே இல்லை.

அருவியின் எதிரே நின்ற அன்னையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இம்புட்டுச் சத்தம் போட்டுட்டா நம்ம ஊருக்கு அப்படிப் பேசாம வருது?" என்றார்.

அங்கிருந்து படியேறினால் கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கிடையே ஆழ்ந்த நீர்நிலை. தமிழ் படித்தோர் அவ்விடத்தில் வ.வே.சு. ஐயரை நினையாமல் நிற்க இயலாது. இலண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்து புதுச்சேரியில் வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கம்பனை ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. 1920-களின் தொடக்கத்தில் நம் சேரன்மகாதேவியிலேதான் அவர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். அங்கே மாணவர் சிலர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டமையால் எழுந்த பூசல் தமிழகத்தையே உலுக்கிற்று. அதில் அவர் பக்கம் நியாயம் இருந்ததென்று நாம் கருதவில்லை. ஆயினும் 1925 சூன் திங்களில் மாணவர்களோடும் மகள் சுபத்திராவோடும் இவ்வருவிக்கு வந்தவர், பூசலைச் சற்று மறக்க விரும்பிய ஒரு தந்தையாகவே வந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது. நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற சுபத்திரா தவறி விழுந்தாள். மகளைக் காக்கப் பாய்ந்தார் ஐயர். இருவரும் மீளவில்லை. அவருக்கு அப்போது வயது 44.

இவ்வரலாற்றை நாம் பிள்ளைகளுக்கு விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியத் தொழிலின் குறை அது. கேட்பவர் இருவர் கிடைத்தால் வகுப்பாகிவிடும். சிறுமி கதை கேட்டபடியே பாறையின் விளிம்புக்குச் சென்று, இரண்டடி தள்ளியிருந்த மற்றொரு பாறையைப் பார்த்து நின்றாள். தாண்டக்கூடிய தொலைவுதான். சுபத்திராவுக்கும் அவ்வாறே தோன்றியிருக்கும்.

அன்னையார் கதையைக் கேட்கவில்லை. நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏல, தண்ணி நெறம் மாறுது. பிள்ளையள மேல ஏத்து" என்றார். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "அஞ்சு நிமிசம் உம்மா, முடிச்சிடுதேன்" என்றோம். அவர் நம்மிடம் மறுமொழி கூறவில்லை. வலிக்கும் காலோடு எழுந்து சென்று, பேத்தியின் கையைப் பற்றி இழுத்தார். இளவலோ அதற்குள் மகனைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டார். நம் இல்லத்தரசியார் செருப்பை எடுக்கவும் நம்மை விடவில்லை.

படிகளில் பாதி ஏறியிருப்போம். கீழே நீர் பழுப்பாயிற்று. சருகும் நுரையும் சுழன்று வந்தன. சிறுமி நின்ற பாறை முதலில் நனைந்தது, பின்னர்த் தெரியவில்லை. மேலே எங்கோ பெய்த மழையா, திறந்துவிட்ட நீரா, அறியோம். ஐயர் காலத்தில் மேலே அணைகள் இல்லை, இன்று உண்டு. கீழே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூச்சு வாங்கியபின் சிறுமி தன் தந்தையிடம் நார்வே மொழியில் ஏதோ சொன்னாள். இளவல் பெயர்த்துச் சொன்னார். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் அந்நாட்டு மலைகளில் பலர் இறந்தபின், மலை நடப்போர்க்கான விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டனவாம். இன்று ஒன்பது விதிகள் உள்ளன. பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் நாணம் இல்லை என்பது அவற்றுள் ஒன்று. வாப்பும்மாவுக்கு அந்த விதியை யார் கற்பித்தது என்பதே அவளுடைய வினா.

அன்னையாரிடம் கேட்டோம். கோரை கற்பித்தது என்றார். பாய் நெய்யும் கோரையைக் கட்டுகளாக்கி, ஓடும் ஆற்று நீரில் கல் ஏற்றிச் சில நாள் ஊறவைப்பார்கள். உப்பினால்தான் மெல்லியதாகக் கிழிக்க வரும். மெல்லியதாகக் கிழித்தால்தான் பட்டுப்பாய் நெய்யலாம். ஊறவைத்த கட்டைப் புதுநீர் அடித்துச் சென்றால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. ஆகவே பத்தமடைப் பெண்பிள்ளைகள் நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். நிறம் மாறியபின் வெள்ளம் வருவதற்குள் ஒரு கட்டைக் கரையேற்ற நேரம் இருக்கும். இரண்டாவது கட்டுக்கு நேரம் இராது என்றார். ஐயரைப் பற்றிய நூல்களையெல்லாம் படித்த நாம், அவர் மாண்ட இடத்திலேயே நின்று அவர் மாண்ட கதையைச் சொல்லியும், காலடியில் ஓடிய நீரைப் பார்க்கவில்லை.

இறங்கும்போதும் அன்னையாரே முன் நடந்தார். கீழே தேநீர்க் கடையில் பிள்ளைகள் சூடான வாழைக்காய்ப் பச்சி தின்றனர். நம் கை நடுங்கியதை எவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பு போனது போனதுதான். வெறுங்காலோடு வீடு திரும்பினோம்.

அன்று இரவு மணி ஒன்பது இருக்கும். அன்னையார் இன்னும் உறங்காமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். கால் வலிக்கிறதா என்று வினவினோம். இல்லை என்று தலையசைத்துவிட்டு, "பழுப்புத் தண்ணி இந்நேரம் நம்ம ஆத்துக்கு வந்திருக்கும். கோரை போட்டவங்க எடுத்திருப்பாங்களால?" என்றார்.