தெரு முழுக்க யான்சன்!

பெண்ணின் பிரசவத்துக்குப் போன ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கப் போகிறது, அடுப்படியும் தொட்டிலும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2023 அக்டோபரில், ஒரு பெட்டி நிறையப் பிரசவ லேகியமும் சுக்கும் பூண்டும், இன்னொரு பெட்டியில் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகளுமாக நாகர்கோவிலிலிருந்து கிளம்பினேன். போன இடம் ஜெர்மனியின் வடமேற்கு மூலை. கிழக்கு பிரீசியா என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். ஊர் லேர். பிரேமன் நகரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். இன்னும் கொஞ்சம் போனால் ஹாலந்து எல்லை.

மாப்பிள்ளைக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. நம்ம முப்பந்தல் காற்றாடிகளுக்குக் கீழே வேலை பழகியவர், இப்போது அந்த ஊர்க் காற்றாடிகளுக்குக் கீழே நிற்கிறார். அங்கேயும் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலை என்று ஒன்று கிடையாது. தரை தோசைக்கல் மாதிரி. கடலை அணை கட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். "ஊரில் ஒரு மலை இருக்கு அத்தை, பார்க்கலாம்" என்று மாப்பிள்ளை ஒரு நாள் அழைத்துப் போனார். பிளைட்டன்பெர்க் என்று பெயர், உயரம் ஒன்பது மீட்டர்! தினமும் மருந்துவாழ் மலையைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெண் குடியிருந்தது ஆறு வீடுகள் உள்ள ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம். அங்கெல்லாம் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. வாசல் மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். முதல் நாளே அந்தப் பலகையைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆறில் மூன்று ஒரே பெயர். எதிர் வீட்டிலும் அதே. ரொட்டிக் கடைப் பலகையிலும் அதே. நான் 'ஜான்சன்' என்று படித்தேன். "ஜ இல்லம்மா, ய. யான்சன்" என்று மகள் திருத்தினாள்.

"எல்லாரும் பங்காளிகளா?" என்று கேட்டேன். நம் ஊரில் ஒரு தெரு முழுக்க ஒரே பெயர் என்றால் அப்படித்தானே தோன்றும்?

"ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லம்மா. மேல் வீட்டுப் பாட்டியைக் கேளு, கதை கதையாச் சொல்லுவாங்க."

அந்தப் பாட்டிக்கு வயது எண்பத்திரண்டு. அவரும் யான்சன்தான். பாட்டியை அங்கே 'ஓமா' என்கிறார்கள். காலையோ ராத்திரியோ, எப்போது பார்த்தாலும் "மொய்ன்" என்று ஒரே வணக்கம்தான். அதைக் கற்றுக்கொண்டதும் எனக்குப் பாதி பாஷை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஓமா வீட்டுத் தேநீரைச் சொல்லாமல் போகக்கூடாது. ஜெர்மனி முழுக்கக் காபி என்றால் இந்த மூலை மட்டும் தேநீர். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் குடிக்கிறார்களாம். தூள் பெரும்பாலும் நம் அஸ்ஸாமிலிருந்து போவதுதான். சின்னப் பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டு. ஆமாம், நம் கற்கண்டேதான்! அதன்மேல் கொதிக்கக் கொதிக்க டிகாக்ஷனை ஊற்றினால் சடசடவென்று வெடிக்கும். பிறகு ஒரு குட்டிக் கரண்டியால் பாலேட்டைக் கோப்பையின் ஓரமாக விடுவார்கள். அது மேகம் மாதிரி அடியிலிருந்து எழும்பும். கலக்கக்கூடாது. முதல் வாய் பாலேடு, நடுவில் கசப்பு, கடைசியில் இனிப்பு. நான் பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்துக் கலக்கிவிட்டேன். ஓமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மூன்று கோப்பை குடிப்பது மரியாதை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் ஐந்து கோப்பை குடித்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன்.

ஓமா சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். யான் என்பது யோஹான்னஸ் என்ற பெயரின் சுருக்கம். பைபிளில் வரும் யோவான்தான். 'சென்' என்றால் மகன். யானுடைய மகன் யான்சன். அவ்வளவுதான் அர்த்தம். ஜெர்மனியின் தெற்கிலும் மேற்கிலும் நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே குடும்பப் பெயர்கள் நிலைத்துவிட்டன. மாவு மில் வைத்திருந்தவர் சந்ததி எல்லாம் முல்லர், கொல்லர் சந்ததி எல்லாம் ஷ்மிட். இந்த பிரீசிய ஜனங்கள் மட்டும் அந்த வம்புக்கே போகவில்லை. தகப்பன் பெயரைத்தான் பிள்ளைக்குப் பின்னால் சேர்த்தார்கள். யானுக்குப் பிறந்த ஹார்ம், ஹார்ம் யான்சன். ஹார்முக்குப் பிறந்த பிள்ளை, யான் ஹார்ம்ஸ். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும்.

"இது நம்ம இனிஷியல்தானே!" என்று நான் கத்தியேவிட்டேன். நாம் முன்னால் போடுகிறோம், அவர்கள் பின்னால் போட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று அவர்களுக்கும் ஒரு முறை இருந்தது. தாத்தா ஆறுமுகம், மகன் நடராஜன், பேரன் மறுபடி ஆறுமுகம் என்று நம் வீடுகளில் சுற்றி வருகிறதல்லவா? அதே மாதிரி அங்கே யானும் ஹார்முமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது என்று மகளிடம் சொல்லி ஓமாவுக்குச் சொல்லச் சொன்னேன். ஓமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தச் சுற்று நின்றது 1811-ல். அப்போது அந்தப் பகுதி நெப்போலியனின் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் கணக்கு வேண்டாமா? அப்பா ஒரு பெயர், மகன் ஒரு பெயர் என்றால் எப்படிப் பிடிப்பது? எல்லாரும் நிலையாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரும்பாலானோர் புதிதாக யோசிக்கக் கஷ்டப்படவில்லை, அன்றைக்கு இருந்த தகப்பன் பெயரையே பதிந்துவிட்டார்கள். யான் என்பது வீட்டுக்கு வீடு இருந்த பெயர். அதனால் சம்பந்தமே இல்லாத ஆயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் யான்சன் ஆகிவிட்டன! நெப்போலியன் போன பிறகு ஜனங்கள் மெல்லப் பழைய வழக்கத்துக்கே திரும்ப, 1826-ல் ஹானோவர் அரசு மறுபடி கண்டிக்க வேண்டியிருந்ததாம். இன்றும் கிழக்கு பிரீசியாவில் யான்சனுக்குத்தான் முதலிடம். ஆனால் தெற்கே மூனிக் பக்கம் போனால் எங்கேயோ ஒன்றுதான் தட்டுப்படுமாம். "வாசலில் யான்சன் என்று இருந்தால், தாத்தா வடக்கத்திக்காரர் என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

அதே யான் எல்லை தாண்டினால் வேஷம் மாறுகிறான். ரைன் நதியின் கீழ்ப்பகுதியிலும் ஹாலந்திலும் ஒரு 'ஸ்' குறைந்த யான்சன், பெல்ஜியத்தில் யான்சென்ஸ், டென்மார்க்கில் யென்சன், இங்கிலாந்தில் ஜான்சன். நிலம் போதாமல் 19-ம் நூற்றாண்டில் கப்பலேறிய பிரீசியர்கள் அமெரிக்காவில் இல்லினாய், அயோவா மாகாணங்களில் குடியேறினார்கள். அங்கேயும் யான்சன்கள் உண்டு. குழந்தை பவுடரால் நம் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த ஜான்சன் கம்பெனி, 1961-ல் பெல்ஜியத்தின் யான்சன் மருந்துக் கம்பெனியை வாங்கியது. யோவான் மகன் யோவான் மகனை வாங்கிய கதை!

இதெல்லாம் கேட்கச் சுவாரசியமாக இருந்தது. ஆனால் பெயர் விஷயம் எனக்குள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது நான்கு வருஷம். ஒரே பெண். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இந்தக் காலத்திலும் இப்படியா என்று இளம் சகோதரிகள் சிரிப்பீர்கள். எங்கள் அம்மா, மாமியார் எல்லாம் அப்படி இருந்தார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. பேங்கில் கேட்டால்கூடக் காகிதத்தில் எழுதித்தான் கொடுப்பேன்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் கதவைத் திறந்து, 'ஃபிரௌ' என்று சொல்லி, அடுத்து அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, என் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள்! அங்கே யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, குடும்பப் பெயர்தான். அன்று முழுக்க அந்த வராந்தாவில் அவர் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பேரன் பிறந்தான்.

பிறப்பைப் பதியும்போது குழந்தைக்குக் குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். நம் வழக்கப்படி மாப்பிள்ளையின் சொந்தப் பெயரா? அவர் பாஸ்போர்ட்டில் உள்ள சம்பந்தி பெயரா? இல்லை, என் பெண்ணிடம் இருக்கும் பெயரா? பெண்ணைப் பெற்றவள், நான் எப்படி வாயைத் திறப்பது? எனக்குள்ளே இருந்த பயம் வேறு. எல்லாருக்கும் ஒரே பெயராக இருக்கட்டும் என்று பெண்ணும் தன் பெயரை மாற்றிக்கொண்டால், அவர் பெயர் அந்த வாசல் மணியிலிருந்தும் போய்விடுமே!

ஓமாவிடம் மகள் இதைக் கேட்டாள். அவர் சிரித்தார். 1964-ல் அவருக்குக் கல்யாணம். 1900-லிருந்து இருந்த சட்டப்படி, பெண் கணவன் பெயரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். (மனைவி பெயரையும் குடும்பப் பெயராக வைக்கலாம் என்று 1976-ல்தான் திருத்தினார்கள். ஒத்துவராவிட்டால் புருஷன் பெயர்தான் என்ற விதியை 1991-ல் நீதிமன்றம் தள்ளியது.) "நான் மட்டும் தப்பித்தேன்" என்றார் ஓமா. பிறந்தது ஒரு யான்சன் வீடு, வாழ்க்கைப்பட்டது இன்னொரு யான்சன் வீடு! அங்கே கல்லறைக் கல்லில் பெண்ணின் பெயருக்குக் கீழே 'பிறப்பில் இன்னார்' என்று பிறந்த வீட்டுப் பெயரையும் பொறிப்பார்கள். தன் கல்லில் யான்சன், பிறப்பில் யான்சன் என்று வரும், பார்க்கிறவர்கள் தப்பாகச் செதுக்கியதாக நினைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். நெப்போலியனுக்குப் பிறகும் பழைய பெயரை விட மனமில்லாத குடும்பங்கள், அதைச் சொந்தப் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் செருகி வைத்துக் காப்பாற்றினவாம்.

நடுவில் செருகுவது! மாப்பிள்ளை அன்று ராத்திரியே ஊருக்கு வீடியோவில் பேசினார். முதல் பேரன், முறைப்படி சம்பந்தி பெயர்தான் வர வேண்டும். சம்பந்தி யோசிக்கவேயில்லை. "நான் உசிரோட இருக்கேன், என் பேரு என்கிட்ட பத்திரமா இருக்கு. அவரு பேரை வைங்க" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்படியாக, அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் முதலில், நடுவில் என் வீட்டுக்காரர் பெயர், கடைசியில் மாப்பிள்ளையின் சொந்தப் பெயர் என்று பதிவாயிற்று. பெண் தன் பெயரை மாற்றவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்! வாசல் மணிப் பலகையில் இடம் போதாமல் மாப்பிள்ளை பொடி எழுத்தில் எழுதி ஒட்டினார்.

2025 மே 1 முதல் அங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. பிரீசிய மரபுக் குடும்பங்கள், அப்பாவின் அல்லது அம்மாவின் சொந்தப் பெயரிலிருந்து குழந்தையின் குடும்பப் பெயரை அமைத்துக்கொள்ளலாமாம். "214 வருஷம் கழிச்சு இனிஷியல் திரும்ப வந்திருச்சும்மா. அம்மா பேரும் சேர்த்துக்கலாமாம், ஓமாவுக்கு ஒரே சந்தோஷம்" என்று மகள் போனில் சொன்னாள்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஓமா என்னைத் தனியாகத் தேநீருக்கு அழைத்தார். குழந்தை தூங்குகிறது, மகளும் தூங்குகிறாள். மொழிபெயர்க்க ஆளில்லை. ஓமா கற்கண்டைப் போட்டார், தேநீரை ஊற்றினார். மேஜையில் இருந்த தன் கணவர் படத்தைக் காட்டி "யான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாமெ?" என்று கேட்டார். பெயரை அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்கிறார்கள். நாமம் என்று என் காதில் விழுந்தது, புரிந்துவிட்டது.

வழக்கம்போலக் காகிதமும் பேனாவும் எடுத்து எழுதி நீட்டினேன். ஓமா கண்ணாடியைத் தேடினார், காணோம். காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி என் வாயைப் பார்த்தார்.

சொன்னேன். ஓமா தப்பாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினேன். மறுபடி தப்பு. மறுபடி திருத்தினேன். மூன்றாவது கோப்பை முடிவதற்குள் சரியாகச் சொல்லிவிட்டார். நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன்.