அடிநாதம்

திருவண்ணாமலைக்கு வருவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது 217 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரத்தை. பதினொரு நிலைகளின் அழகில் திளைக்கும் கண்கள், அத்தனை சுமையையும் தாங்கி நிற்கும் கீழ்நிலைக் கருங்கல்லின் மேல் பதிவது அரிது. இசையிலும் இதே நிலைதான். பாடுவோரின் குரலும் வயலினும் புல்லாங்குழலும் நம் செவியைக் கவர்கின்றன. அவற்றுக்கு அடியில் இருந்து அனைத்தையும் தாங்கும் நாதத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடிநாதம் நம் மண்ணுக்குப் புதிதன்று. நாதசுரக் கலைஞரின் அருகே நின்று ஒரே சுரத்தை விடாது ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரரை முதியோர் நினைவில் வைத்திருப்பர். மிருதங்கக் கலைஞர் இடந்தலையில் ரவைப் பசையை அப்பி அதன் ஒலியைத் தாழ்த்துவதும் இதற்காகவே. மேலை இசையில் இப்பணியை ஆளுயர டபுள் பாஸ் செய்து வந்தது. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டக்கூடிய மின் கருவியாக மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய பாஸ் கித்தார். அதன் நான்கு தந்திகளுள் தடித்தது, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை மட்டுமே அதிர்கிறது. காதைவிட நெஞ்சே அதை முதலில் உணர்கிறது எனலாம்.

தமிழ்த் திரையிசையில் இக்கருவிக்கு மதிப்புத் தேடித் தந்தவர் இளையராஜா. இரமணர் மீது கொண்ட பற்றினால் நம் ஊருக்கு அடிக்கடி வந்து செல்பவர் அவர் என்பதை இவ்வூரார் நன்கறிவர். அவர் பாடல்களில் பாஸ் கித்தார் தாளத்தைத் தாங்குவதோடு நின்றுவிடாமல், மெட்டோடு உரையாடும் இரண்டாம் மெட்டாகவே நடந்து செல்கிறது. அவரது குழுவில் நெடுங்காலம் அதை வாசித்த சசிதரனின் பெயரை எத்தனை இரசிகர் அறிவர்? பெயர் தெரியாவிட்டால் என்ன. அந்த நாதத்தை நீக்கிவிட்டால் பாட்டே வெறுமையாகிவிடும்.

இன்று இக்கலை வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டது. 1983இல் மிடி என்னும் பொது மொழி இசைக்கருவிகளையும் கணினியையும் பேச வைத்தது. 1989இல் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். அங்கே உருவான இசையே 1992இல் 'ரோஜா'வாக மலர்ந்தது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையை வெளியிட்டபின், கருவிகளே கணினிக்குள் குடியேறின. தேர்ந்த கலைஞர் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாகவும் அழுத்தமாகவும் வாசித்ததைத் தனித்தனியே பதிவுசெய்து வைத்திருப்பர். நாம் கீபோர்டில் கட்டையை அழுத்தும் வேகத்திற்கு ஏற்ற பதிவைக் கணினி எடுத்து ஒலிக்கிறது. இதுவே மெய்நிகர் கருவியின் இரகசியம்.

நமது பங்கிலும் இவ்வாறு பயிலும் இளைஞர் சிலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் பகலில் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். இரவில் சன்னலில் பஞ்சு மெத்தையைச் சாத்தி ஒலிப்பதிவு செய்கிறார். பௌர்ணமி இரவுகளில் அவருக்கு ஓய்வு. கிரிவலக் கூட்டத்தின் ஆரவாரம் எந்த மெத்தைக்கும் அடங்குவதில்லை. அவர் நமக்குச் சொன்ன சில செய்திகள் எண்ணத்தக்கவை. எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் கணினியில் எழுதினால் பாஸ் உயிரற்றுப் போகிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த நாதத்தை வெளியிட இயலாதது. அதில் கேட்டுவிட்டுப் பாஸ் போதவில்லை என்று கூட்டுவோர், ஆலயத்தின் பெரிய ஒலிபெருக்கியில் சுவர் அதிரக் கண்டு திகைப்பர். புதிதாய்ப் பயில்வோர் இடைவெளி எங்கே என்று தேடி நிரப்புகின்றனர். தேர்ந்தவரோ பாடுவோர் மூச்சு வாங்குமிடத்தை அறிந்து அங்கே காத்திருக்கின்றார்.

இந்தக் காத்திருத்தலே நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. பல ஆலயங்களில் இன்று பாடகர் குழு குறைந்து, முன்னரே பதிவான 'ட்ராக்' ஒலிக்கிறது. திருச்சபை கருவிகளுக்கு அஞ்சியதுண்டு. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவையும் ஆரவார முரசுகளையும் விலக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பைப் ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 1958இல் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட அறிவுரை ஒன்று தானியங்கிக் கருவிகளையும் ஒலிப்பதிவுகளையும் திருவழிபாட்டில் தடைசெய்தது. அந்நாளைய சட்டத்தின் நுணுக்கங்களை விட்டுவிடுவோம். பாடுவது இறைமக்களின் செயல். அதை அவர்களுக்குப் பதிலாக ஒரு பொறி செய்ய இயலாது என்னும் உணர்வை விடலாகாது.

நமது பங்கில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அவ்விளைஞர்கள் அருமையாகத் தயாரித்த ட்ராக் ஒன்று காணிக்கைப் பாடலுக்கு ஒலித்தது. நீண்ட காலமாகப் பாடல்களைத் தொடங்கி வைக்கும் முதிய தாய் ஒருவர் இரண்டாம் அடியில் மூச்சு வாங்கச் சற்றே நின்றார். ட்ராக் நிற்கவில்லை. அவர் மீண்டும் சேர முயன்றபோது அது நான்கு சொல் முன்னே சென்றுவிட்டது. அவர் வாய்மூடி அமர்ந்தார். அவரைப் பின்பற்றிப் பாடும் பெண்கள் பகுதியும் அடங்கியது. குறையற்ற இசை தொடர்ந்தது, ஆலயம் பாடவில்லை. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் பாடகர் வரிசைக்கு வராமல் கடைசித் தூணருகே அமர்ந்தார்.

அரிசி ஆலை இளைஞர் இதைக் கவனித்திருந்தார். மறுவாரம் மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, பாஸ் கித்தாரையும் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் சுமந்து வந்தார். தூணருகே சென்று, "நீங்க பாடுங்க ஆயா. நீங்க நின்னா நானும் நின்னுக்கறேன்" என்றார். அவ்வாறே செய்தார். அந்தத் தாய் தளர்ந்த இடங்களில் தடித்த தந்தியின் ஒரு சுரம் நீண்டு ஒலித்தது. அவர் மூச்சு வாங்கித் தொடர்ந்ததும் அதுவும் நடந்தது. பாடல் மெதுவாகத்தான் சென்றது. ஆனால் பெண்கள் பகுதி மீண்டும் பாடிற்று.

உடலில் வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பாஸ் வாசிப்போரின் ஆன்மிகம் இதுவே: தான் மறைந்து பிறரைத் தாங்குதல், தாங்குவதற்காகச் செவிமடுத்தல். மெய்நிகர் கருவி ஒலியைத் தரும். செவிமடுக்க அதற்குத் தெரியாது.

ஆகவே வீட்டு ஒலிப்பதிவைக் கைவிடுமாறு இளைஞரை நாம் கேட்கவில்லை. அது நல்ல பள்ளிக்கூடம். பாடகர் ஒவ்வொருவருக்கும் உரிய குரற்பகுதியைத் தனியே பதிவுசெய்து வாரநாள்களில் அனுப்பி வையுங்கள்; வேலைக்குச் செல்வோரும் சமையலறையில் இருப்போரும் கேட்டுப் பழகட்டும். தாள் பார்த்து வாசிக்கத் தெரியாதோர்க்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் ஞாயிறு காலையில் கணினியை மூடிவிட்டு, அருகே நிற்பவரின் மூச்சைக் கேட்டு வாசியுங்கள்.