குளவி கொட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?



போன கிழமை இடைவேளை நேரம், பந்தெடுக்கப் போன ஏழாம் தரப் பிள்ளை ஒருவருக்கு வேப்பமரத்துக் குளவி கொட்டிவிட்டது. கழுத்தில் ஒன்று, கையில் இரண்டு. வயிற்றில் மஞ்சள் பட்டி போட்ட பெரிய சாதிக் குளவி.

எங்களுக்குள் இத்தனை வைத்தியர்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சிற்றுண்டிச்சாலை ராத்தா சுண்ணாம்போடு ஓடி வந்தார். ஒரு டீச்சர் வெங்காயம் தேய்க்கச் சொன்னார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். காவலாளி காக்கா, "இரும்பை வெச்சித் தேயுங்க" என்று திறப்புக் கோர்வையை நீட்டினார். மௌலவி சேர் பிள்ளையின் தலையில் கைவைத்து ஸூரா ஃபாத்திஹா ஓதினார். ஓதிக்கொண்டே, ஓட்டோவைக் கூப்பிடுமாறு மற்றக் கையால் சைகை காட்டினார்.

அவர் பார்த்தது பிள்ளையின் உதட்டை. கொட்டியது கழுத்தில், வீங்கியது உதடு. முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. குரல் கம்மிவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது, அல்ஹம்துலில்லாஹ். சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்று அன்றிரவு அங்கேயே வைத்திருந்தார்கள்.

சுண்ணாம்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் உம்மம்மாமாரும் அதைத்தான் பூசினார்கள், பெரும்பாலும் சுகமாகவும் போனது. ஒரு கொட்டின் கடுப்பு எதைப் பூசினாலும், பூசாவிட்டாலும், மெல்லக் குறையும். பூசுவது தோலின் மேலே நிற்கும், விஷம் உள்ளே போய்விட்டது. கடுப்புக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வைத்தாலே போதும். ஆளைக் கொல்வது கடுப்பு அல்ல, ஒவ்வாமை. கொட்டாத இடம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சிரைப்பது, வாந்தி, தலைச்சுற்று, இதில் ஏதாவது கண்டால் வெங்காயம் தேடுகிற நேரம்தான் பிள்ளையின் நேரம். படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து இருக்கட்டும்.

ஓதுவதை யாரும் விடச் சொல்லவில்லை. விஷஜந்து தீண்டிய ஒரு கூட்டத்தின் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹா ஓதிய சம்பவம் புகாரியிலேயே இருக்கிறது. மருந்து செய்யச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஓட்டோவுக்குள்ளும் ஓதலாமே.

தேனீ என்றால் கொடுக்கு தோலில் நின்றுவிடும். நகத்தால் சுரண்டியாவது உடனே எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, அதுவே திரும்பத் திரும்பக் கொட்டும்.

மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் "குளவிக்கொட்டுக்கு இலக்காகி" என்று பத்திரிகையில் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். அவர்களைக் கொட்டுவது கூட்டம் கூட்டமாக. அப்படி நிறையக் கொட்டு வாங்கினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அது தெரிய ஓரிரு நாள் செல்லும், சிறுநீர் கறுப்பாகப் போனால் வீட்டில் இருக்கக்கூடாது.

ஒருமுறை இப்படி ஆன பிள்ளைக்கு அடுத்த கொட்டிலும் ஆகக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள், நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. காசு எடுப்பதில்லை.