ஓடு தந்த வினைச்சொல்

எங்கள் அடம்பனுக்கு அணித்தேயுள்ள மாந்தை, பண்டைக் காலத்திற் பெருந்துறைமுகமாக விளங்கியது. 1980களில் அங்கு நிகழ்ந்த அகழாய்வில், சீனத்திலும் மேற்காசியாவிலும் வனைந்த கலங்களின் ஓடுகள் வெளிப்பட்டன. மன்னார்க் கடலோ முத்துச் சிப்பிக்குப் பெயர் பெற்றது. உடைந்த கலத்தின் துண்டும் ஓடு. சிப்பியின் மேலுறையும் ஓடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

கிரேக்க மொழியிலும் அவ்வாறே. 'ஒஸ்திரகோன்' என்னும் சொல் இவ்விரண்டையுங் குறிக்கும். அதன் வழிவந்ததே 'ஒஸ்ரசைஸ்' என்னும் ஆங்கில வினைச்சொல். ஒருவரைக் கூட்டத்தினின்று ஒதுக்கிப் பேச்சும் உறவும் அற்றவராக்குதல் என்பது அதன் பொருள்.

ஓட்டுக்கும் ஒதுக்குதலுக்கும் தொடர்பு யாது? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள், செல்வாக்கு மிக்க ஒருவரை நகரினின்று நீக்க விரும்பினால், கல ஓட்டில் அவர் பெயரைக் கீறி இடுவர். 6000 ஓடுகள் சேர்ந்தால், மிகுதியான ஓடுகளிற் பெயர் கண்டவர் 10 ஆண்டுகள் நகரை நீங்கியிருத்தல் வேண்டும். ஆயினும் அவருடைய உடைமை பறிக்கப்படாது. நம் முன்னோர் உத்தரமேரூரிற் குடவோலை இட்டது ஆளைத் தேர்ந்தெடுக்க. அவர்கள் ஓடு இட்டது ஆளை அகற்ற!

கி.மு. 482இல் அரிஸ்டைடிஸ் என்பவர் இவ்வாறு நீக்கப்பட்டார். அன்று எழுத்தறியா ஒருவன், இன்னாரென்று அறியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடிஸ் என்று எழுதித் தரும்படி வேண்டினானாம். அவரை எல்லாரும் 'நீதிமான்' என்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதே காரணமாம். அவரும் மறுமொழி கூறாது எழுதிக் கொடுத்தார் என்பர் புளூட்டாக்.

இக்கதையை மாணவர்க்குச் சொல்லுந்தோறும் என் நெஞ்சு உறுத்துகின்றது. பள்ளிப் பருவத்தில் எங்கள் வகுப்பிற் கண்ணாடி ஒன்று உடைந்தது. உடைத்தவன் யாரென்று ஆசிரியர் வினவ, ஒருவன் மட்டும் உண்மை சொன்னான். மறுநாள் முதல் அவனோடு எவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவனுடைய வாங்கில் அவன் தனியே இருந்தான். அவ்வாண்டு முடியுமுன் அவன் குடும்பம் இடம்பெயர்ந்தது. மன்னிப்புக் கேட்க முகவரியும் இல்லாது போயிற்று.

ஏதென்ஸ் நகரத்தார் ஓடுகளை எண்ணினர். தண்டனைக்கு எல்லையும் வைத்தனர். நாங்கள் எதனையும் எண்ணவில்லை, எல்லையும் வைக்கவில்லை. மாணவர்களே, உங்கள் வகுப்பில் தனியே இருப்பவன் எவனாயினும் உளனோ? நாளைக் காலை அவனருகிற் சென்று அமருங்கள்.