பெட்டிக்கு முன்னே வந்த வாசனை

2011 மே மாதம். டெல்லி விமான நிலையத்தில், கோவா விமானத்தின் பெட்டிகள் வரும் பெல்ட்டைச் சுற்றி வழக்கமான கூட்டம். பெட்டி வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அழுகத் தொடங்கிய முந்திரிப் பழமும் ஸ்பிரிட்டும் கலந்த, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத வாசனை. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. மீசைக்காரர் ஒருவர் மட்டும் மூச்சை ஆழ இழுத்து, "ஃபெனி" என்று சொல்லிச் சிரித்தார். மூலையில் ஈரம் கசிய, ஒரு சாம்பல் நிற சூட்கேஸ் ஊர்ந்து வந்தது. அதன் சொந்தக்காரரான வங்கி அதிகாரி முதல் சுற்றில் அதை எடுக்கவில்லை. கூட்டம் கலையட்டும் என்று தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

வீட்டில் காத்திருந்தவர் அவருடைய தாய். மட்காவ் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். கணவர் இறந்தபின் மகனோடு டெல்லிக்கு வந்து சேர்ந்தவர். அவர் குடிப்பவர் அல்ல. டெல்லிக் குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்டால் தேய்த்துக்கொள்ள, ஜலதோஷத்துக்கு வெந்நீரில் ஒரு ஸ்பூன் விட்டுக்கொள்ள, ஆண்டுக்கு ஒரு பாட்டில். அதுவும் தன் தம்பி காய்ச்சியதாக இருக்க வேண்டும். கடையில் விற்பது ஃபெனியே அல்ல என்பது அவர் கட்சி.

சூட்கேஸைத் திறந்தபோது உள்ளே கண்ணாடித் துண்டுகள், நனைந்த சட்டைகள், பாட்டிலைச் சுற்றியிருந்த துண்டு. தாய் அந்தத் துண்டை எடுத்து முழங்காலில் கட்டிக்கொள்ளப் போனார். கண்ணாடித் தூள் இருக்கும் என்று மருமகள் பிடுங்கிக்கொண்டார். திட்டு எதுவும் விழவில்லை. "கழுத்தைக் கட்டவில்லையா?" என்று மட்டும் கேட்டார் தாய்.

கட்டவில்லை. மகன் செய்தது, பெரும்பாலான பயணிகள் செய்வதுதான். பழைய பிராந்தி பாட்டில்; அதற்குப் பொருந்தாத தக்கை; சுற்றி ஒரே ஒரு துண்டு. அதைச் சூட்கேஸின் ஓரத்தில் ஷூக்களுக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். பெட்டி எந்தப் பக்கம் விழுந்தாலும் முதலில் அடி வாங்கும் இடம் அது.

மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்து பாட்டில் வெடித்திருக்கும் என்று அலுவலக நண்பர்கள் விளக்கம் சொன்னார்கள். பலரும் நம்பும் விளக்கம், ஆனால் தவறு. பயணிகள் விமானத்தில் சரக்கு அறையிலும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் காக்கப்படுகிறது. அதிகம் போனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தம். சிம்லாவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். சிம்லாவுக்கு பஸ்ஸில் போகும் பாட்டில் வெடிப்பதில்லை. அழுத்தக் குறைவு செய்யக்கூடியது, பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை விரியச் செய்து தளர்ந்த தக்கையை நெம்புவது. அதனால் கசியும், உடையாது.

உடைவதெல்லாம் தரையில். கவுன்ட்டர் பெல்ட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து விமானத்தின் வயிற்றுக்கு, மறுபடி வண்டிக்கு, மறுபடி பெல்ட்டுக்கு என்று பெட்டி கை மாறிக்கொண்டே இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் அவசரமாக நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் தூக்கும் தொழிலாளி ஒவ்வொன்றையும் பூப்போல வைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பெட்டி விழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும்.

எப்படிக் கட்டுவது என்பதை அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றது. அவர் ஃபிரோசாபாத்காரர், வளையல் ஊர். கண்ணாடி வளையல்கள் ஒன்றையொன்று தொட்டபடியேதான் நாடு முழுவதும் போகின்றன, ஆனால் அசைவதில்லை என்றார் அவர். எல்லா சூட்சுமமும் அதில் இருக்கிறது. முதலில் மூடியைச் சுற்றி டேப். பிறகு பாட்டிலை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டுவது. உடைந்தாலும் சேதம் பைக்குள் அடங்கும். கூடவே ஒரு குழந்தை டயப்பரைச் சுற்றிவிட்டால் சிந்துவதை அது குடித்துக்கொள்ளும். (டயப்பருக்கு இதைவிட மோசமான வேலைகள் உண்டு.) கழுத்துதான் பலவீனமான இடம், அங்கே தடித்த காலுறையைச் சுருட்டிச் சுற்றி, கழுத்தையும் உடம்பின் பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் ஸ்வெட்டர். பெட்டியின் நடுவில் படுக்க வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது நான்கு விரற்கடை துணி. ஷூ, சார்ஜர், டப்பா எல்லாம் எட்டத்தில். கடைசியாக மூடிய பெட்டியைத் தூக்கி நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்டால் திறந்து இன்னும் இரண்டு சட்டைகளைத் திணிக்க வேண்டும். நிரம்பிய 750 மில்லி கண்ணாடி பாட்டில் ஒன்றேகால் கிலோ அளவுக்கு இருக்கும். பதினைந்து கிலோ கணக்கில் அதுவும் சேரும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு 2012 மே மாதம் மகன் ஊருக்குப் போனார். கோவாவில் மார்ச் முதல் மே வரை முந்திரிப் பழக் காலம். விழுந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, மிதித்துப் பிழிகிறார்கள். கடைசியில் பாரத்தில் தானாக வடியும் தெளிந்த சாறு 'நீரோ'. அதை ஆசையாக பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஜாக்கிரதை. பதநீரைப் போல அது சில மணி நேரத்திலேயே புளித்து வாயு கிளப்பும். அதுதான் உண்மையிலேயே வெடிக்கக்கூடிய பாட்டில். புளித்த சாற்றை ஒருமுறை காய்ச்சினால் 'உர்ராக்'. மறுபடி காய்ச்சினால் ஃபெனி. நுரை என்று பொருள்படும் கொங்கணிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் கோவாவின் குன்றுகளில் வேரூன்றி, கோவாவுக்கே உரியதாகிவிட்டது. 2009-ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் மாநில அரசு அதைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது.

தாய்மாமன் வீட்டு ஃபெனிக்கு இந்தக் கௌரவம் எதுவும் தெரியாது. 'கராஃபாவ்' என்ற பெரிய கண்ணாடிக் குடுவையிலிருந்து குழாய் வைத்து இறக்கி, புது பாட்டிலில் ஊற்றி, தக்கை அடித்து, மேலே மெழுகு உருக்கி விட்டுத் தந்தார் மாமன். அடுத்த ஆண்டு அடுப்பு மூட்டப்போவதில்லை, பழம் பொறுக்க ஆள் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். பெட்டியில் அந்த பாட்டில் அசையவில்லை. மகன் இரண்டு முறை குலுக்கிப் பார்த்தார்.

விமான நிலைய கவுன்ட்டரில், பெட்டிக்குள் மது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றார். சீல் உள்ளதா, லேபிள் உள்ளதா என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். அதோடு கதை முடிந்தது.

விதி தெளிவானது. 24 சதவீதம்வரை ஆல்கஹால் உள்ள பானங்களை விமானத்துறை ஆபத்தான பொருளாகக் கருதுவதில்லை. 24-க்கு மேல் 70 சதவீதம்வரை இருந்தால் ஒருவர் மொத்தம் ஐந்து லிட்டர் கொண்டுபோகலாம்; ஆனால் விற்பனைக்கு வரும் அசல் அடைப்பில் இருக்க வேண்டும். 70-க்கு மேல் அறவே கூடாது. ஃபெனி சாதாரணமாக 42-லிருந்து 45 சதவீதம். பாட்டிலுக்குள் இருப்பது என்ன, எவ்வளவு வீரியம் என்பதை லேபிள் இல்லாமல் கவுன்ட்டரில் இருப்பவர் எப்படி அறிவார்? எரியக்கூடிய திரவம் அது. மறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எப்போதும் கடைச் சரக்குக்கே கதவு திறக்கிறது, வீட்டுச் சரக்குக்கு இல்லை என்ற ஆதங்கம் மட்டும் மிஞ்சுகிறது.

விமான விதி தவிர, மாநிலத்துக்கு மாநிலம் கலால் சட்டங்கள் வேறு. குஜராத்தில் 1960-லிருந்தும் பீகாரில் 2016-லிருந்தும் மதுவிலக்கு. அனுமதி இல்லாமல் அங்கே போகிறவருக்கு, பாட்டில் உடையாமல் போய்ச் சேர்ந்தால்தான் சிக்கலே.

வழியனுப்ப வந்திருந்த மாமன் மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டரை அவிழ்த்து, டயப்பரை அவிழ்த்து, காலுறையை உருவி, பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார் மகன்.

அடுத்த ஆண்டு முதல் கடையில் வாங்கிய, லேபிள் ஒட்டிய பாட்டில்தான் வருகிறது. கழுத்தில் காலுறை, சுற்றிலும் துணி, நடுவில் இடம். ஒன்றுகூட உடைந்ததில்லை. முதல் பாட்டிலைத் திறந்து முகர்ந்த தாய், எதுவும் சொல்லாமல் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். அடுத்த குளிர்காலத்திலும் தேய்த்துக்கொண்டார்.

மாமன் இப்போது இல்லை. திருப்பியனுப்பப்பட்ட பாட்டில் கிராமத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்ட தாயால் இனி அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. மாமன் மகன் போன் செய்யும்போது அவர் ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரிக்கிறார்: தக்கையின் மேல் மெழுகு விரிசல் விடாமல் இருக்கிறதா?