கூதிர்கால விருந்தும் கடற்பாசியும்

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். மேலைநாட்டார் அம்மாதங்களை இலையுதிர்காலம் என்பர். அப்போது வரும் பண்டிகைகளுக்குப் பல நிற அடுக்குகளாக இனிப்புச் சுட்டு, பாளம் பாளமாக வெட்டி, கூடியிருந்து உண்பர். நம் தூத்துக்குடிக் கரையில் இலை உதிர்வதைக் காண்பதற்கில்லை. வாடை வீசத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கும். உப்பளங்களில் வேலை ஓயும். குலசேகரன்பட்டினத்துத் தசராக் கூட்டம் கலைந்து தீபாவளி அணுகும். விடுதியிலுள்ள மாணவியர் விடுமுறைக்குத் தத்தம் ஊர் புறப்படுமுன் ஒரு மாலை கூடி விருந்துண்பது வழக்கம். இவ்வாண்டு அவ்விருந்திற்கு இனிப்புச் செய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அதனை முன்னிட்டு யாம் கற்றவை சில உண்டு. அவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இனிப்பு என்றவுடன் இவ்வூரில் முதற்கண் நினைவுக்கு வருவது மக்ரூன். முட்டையின் வெண்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரிப்பருப்பும் கலந்து, சிறு கூம்புகளாக இட்டு, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்தெடுக்கும் அப்பண்டத்தின் புகழ் யாவரும் அறிந்ததே. ஆயினும் எம் விடுதியில் முட்டை உண்ணாதார் பலர் உளர். அங்ஙனமாயின் பல நிறங்களில் ஜெல்லி செய்யலாமே என்றனர் சிலர். ஜெல்லியை உறையச் செய்யும் ஜெலட்டினோ விலங்குகளின் தோலினின்றும் எலும்பினின்றும் எடுக்கப்படுவது. மரக்கறி உண்போர் அதனைத் தொடார். அவ்விலங்கு யாது, எங்ஙனம் அறுக்கப்பட்டது என்று அறியாத நிலையில் முஸ்லிம் தோழியரும் தொடார்.

“உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் வைத்துவிடலாமே” என்று ஒருத்தி மொழிந்தாள். சைவ உணவே கொள்ளும் தோழியொருத்தி அதனைக் கேட்டு, “ஆமாம், எனக்கு ஒரு பழம் போதும், பழகிப்போயிற்று” என்றாள். அவள் குரலில் சினமும் இல்லை, குறைப்படுதலும் இல்லை. பழகிப்போயிற்று என்ற அந்த ஒரு சொல்லே எம் உள்ளத்தில் தைத்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்பவருள் ஒருத்தி தனித்தட்டுக்குப் பழகிவிடுதல் நன்றன்று. ஆகவே, எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துண்ணத் தக்க இனிப்பையே செய்வது என முடிவு செய்தோம்.

அதற்கு வழி காட்டியவர் காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தியின் தாயார். அவரை யாமும் உம்மா என்றே அழைப்போம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் ரமலான் நோன்பு திறக்கும் பொழுது உண்ணும் பண்டங்களுள் கடற்பாசியும் ஒன்று. கடைகளில் அகர் அகர் என்றும் சைனா கிராஸ் என்றும் விற்கப்படும் வெண்ணிற இழைகளை நீரில் ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் வார்த்து வைத்தால் தானே உறைந்துவிடும். அடுப்பில் சுடவேண்டுவதில்லை, பனிப்பெட்டியும் வேண்டுவதில்லை. கடலில் வளரும் பாசியின் சாறே அதுவாதலின், எம் விடுதியில் அதனை விலக்குவார் எவருமிலர்.

நான்கு அடுக்குகள் அமைக்கக் கருதினோம். அடியில் உடன்குடிக் கருப்பட்டியின் பழுப்பு. அதன்மேல் தேங்காய்ப்பாலின் வெண்மை. அடுத்து இலங்கைச் சமையலில் மணக்கும் ரம்பை இலையை அரைத்து வடித்த பசுமை. உச்சியில் பீட்ரூட் சாற்றின் செம்மை. ஒவ்வோர் அடுக்கிற்கும் 750 மில்லிலிட்டர் நீர்மமும் 7.5 கிராம் கடற்பாசியும் கொண்டோம். இழைகளை அரைமணி நேரம் ஊறவைத்து, ஓர் இழையும் கண்ணுக்குத் தோன்றாதவாறு கரையும்வரை காய்ச்சுதல் வேண்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டினாலன்றி மண் நீங்காது. பீட்ரூட் சாற்றை அடுப்பினின்று இறக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும். நெடிது கொதித்தால் அதன் நிறம் மங்கிவிடும். எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்புப் பொருள்களைக் கடற்பாசியோடு கொதிக்கவைத்தால் உறையும் ஆற்றல் குன்றும். அவற்றையும் இறக்கிய பின்னரே கலக்கவேண்டும்.

இவையெல்லாம் எளியனவே, அடுக்கின்மேல் அடுக்கு வார்க்கும் காலத்தை அறிவதே அரிது. கீழடுக்கு நீர்மமாயிருக்கும்போதே வார்த்தால் இரு நிறமும் கலந்துவிடும். முற்றும் குளிர்ந்து இறுகியபின் வார்த்தாலோ இரண்டும் ஒட்டா. கத்தி பட்டவுடன் மேலடுக்கு வழுக்கி விலகும். தேங்காய்ப்பாலின் நெய் மேலே படர்ந்துவிடின் அவ்வழுக்கல் இன்னும் மிகும். உம்மா சொன்னது இது: “பிள்ளைகளா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவும் கூடாது, சூடு ஆறிப்போகவும் கூடாது.” அடுத்த அடுக்கிற்குரிய நீர்மம் பாத்திரத்திலேயே உறைந்துவிடாதபடி அதனை வெந்நீரில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தோம். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய தட்டில் நான்கு அடுக்கும் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரம் நின்றன. அதனை 96 துண்டுகளாக வெட்டினோம்.

இக்கரையின் வெம்மைக்குக் கடற்பாசி ஏற்றதாயிருத்தற்குக் காரணம் அதன் இயல்பே. காய்ச்சிய சாறு ஏறத்தாழ 35 முதல் 40 பாகை வரையுள்ள சூட்டிலேயே உறையும். உறைந்த பின்னரோ ஏறத்தாழ 85 பாகை வரை உருகாது. ஜெலட்டின் நம் உடற்சூட்டிலேயே உருகிவிடும். விஞ்ஞானம் பயிலும் மாணவியர்க்கு இவ்வேறுபாடு வேறோரிடத்தும் பழக்கமானது. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்பாரின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை ஜெலட்டின்மீது வளர்த்து வந்தனர். வெப்பத்தில் அஃது உருகியது. 1881-ஆம் ஆண்டில், அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தாம் சமையலில் கையாண்ட அகர் அகரைப் பயன்படுத்துமாறு கூறினார். ஜாவாத் தீவில் வாழ்ந்திருந்த ஒருவர் வழியாக அவர் குடும்பத்தார் அதனை அறிந்திருந்தனர். இன்று உலகெங்கும் நுண்ணுயிர் ஆய்வகங்களில் உள்ள வட்டில்களில் உறைந்து கிடப்பது அந்த அடுக்களைப் பண்டமே.

அன்றியும், இப்பாசி தொலைநாட்டுப் பொருளன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை விரிந்த மன்னார் வளைகுடாவின் பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் வளர்கின்றன. அவை அகர் எடுப்பதற்குரியவை. 1966 முதல் ஆலைகளின் பொருட்டு அவை பெருவாரியாக எடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக் கொய்வோருள் மிகப் பலர் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசியோடு எழுகின்றனர். 1986-இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்தல் தடைப்பட்டு, அவர்தம் பிழைப்பு இடருற்றது. ஆயினும் பாசி அழியாதிருத்தல் தமக்கும் நன்மை என்று உணர்ந்து, திங்களுக்குப் பன்னிரண்டு நாளே எடுப்பது எனத் தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். 2015-இல் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அம்மையாருக்கு ஸீகாலஜி பரிசு அளிக்கப்பட்டது இம்முயற்சியின் பொருட்டே.

இவ்வூரில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. முத்தினைப் பற்றிப் பேசுவோர் மிகப் பலர். பாசியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். உற்று நோக்கின் முத்தும் ஓர் அடுக்குப் பண்டமே. சிப்பியானது தன்னுள் புகுந்த பொருளின்மேல் மிக மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகின்றது. அப்படலங்களில் ஒளி பட்டுத் திரும்புதலாலேயே முத்தில் பல நிறம் தோன்றுகின்றது. யாம் நிறத்திற்குக் கருப்பட்டியும் கிழங்கும் இலையும் தேடினோம். சிப்பிக்கு அடுக்கே போதுமாயிருந்தது.

விருந்தன்று மாலை மழை விடாது பெய்தது. ஆதலின் முற்றத்தில் இடவேண்டிய இலைகளைக் கூடத்தில் இட்டோம். துண்டுகளை ஏந்திய தட்டு ஒரு முனையில் தொடங்கி வரிசையாகச் சென்றது. பழம் போதும் என்ற தோழி ஒன்றை எடுத்தாள்; உண்டு முடித்து, “இன்னொன்று இருக்குமா?” என்று கேட்டாள். பழத்தட்டு ஒன்று தனியாக அன்று வைக்கப்படவில்லை.

அடுத்த கூதிர்காலத்தில் இப்பொறுப்பை ஏற்கும் இளைய மாணவியர்க்கு ஒரு சொல்: கடற்பாசி உருகாது எனினும் அதிலுள்ள தேங்காய்ப்பால் விரைவில் கெடும், ஆதலின் செய்த அன்றே பகிர்ந்து முடித்துவிடுக. பண்டத்தைத் தெரிந்தெடுக்குமுன், பந்தியில் அமர்வார் யாவர் என்பதை முதலில் எண்ணுக. எம் குறிப்பு அவர்கட்குச் சிறிதேனும் பயன்படுமாயின் பெரிதும் மகிழ்வோம்.