அரை இஞ்சும் பதிமூன்றும்

எழும்பூருக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே, கூவம் வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையை விட்டுச் சந்துக்குள் இறங்கினால் போதும், கார்க் கதவுகள் சுவரில் சாய்ந்து வரிசையாக நிற்க ஆரம்பித்துவிடும். அப்புறம் பானட், டிக்கி மூடி, ரேடியேட்டர், ஸ்டியரிங், கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஹாரன்கள். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் கியர்பாக்ஸ் மேல் கால் வைத்துத்தான் வழிவிட வேண்டும். கார் வாங்க வக்கில்லாதவனுக்கும் அங்கே சுற்றுவதில் ஒரு போதை உண்டு. எனக்கு அது மாமாவால் தொற்றியது.

மாமா வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் இறக்கிய கார்; பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் அசல். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்றது. பின்னால் வந்த கெசலும் 1977-இல் நின்றுவிட்டது. காரை நிறுத்தியது கம்பெனிதான், ஓட்டியவர்கள் நிறுத்தவில்லை. வாட்டர் பம்ப்போ கதவுக் கைப்பிடியோ, எது போனாலும் மாமாவுக்குப் புதுப்பேட்டைதான். அவர் கடைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து பழைய மீட்டர் போர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

பழைய கார்கள் சென்னையில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. சிம்ப்சன் கம்பெனி 1903-லேயே இங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டியது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி விற்றது. லைசென்ஸ் காலத்தில் புதுக் காருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருக்கிற காரைக் கட்டி இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஏற்பாட்டின் பின்கட்டுதான் புதுப்பேட்டை. டெல்லிக்கு மாயாபுரி, மும்பைக்குக் குர்லா, நமக்கு இது. இன்று ஊர்ப் பெயரைச் சொன்னால் செல்வராகவன் படத்தைக் கேட்கிறீர்களா என்கிறார்கள்.

சமீபத்தில் போனது பொருள் வாங்க அல்ல, உடைக்கிறவர்களைப் பார்க்க. எங்கோ ஏலத்தில் போன வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்திருந்தது. மூன்று பேர் அதில் இறங்கினார்கள். முதலில் பேட்டரி. பிறகு ஆயிலைத் தகரத்தில் வடித்தார்கள். வயரிங்கை ஒரே கொத்தாக உருவிச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். உள்ளே செம்பு இருக்கிறது, அதற்குத் தனி விலை. சீட், கதவு, விளக்கு எல்லாம் மளமளவென்று வந்தன.

முன் கண்ணாடியில்தான் வேகம் குறைந்தது. ஒருவர் உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டார். ரப்பர் பீடிங்கின் விளிம்பை ஸ்குரூ டிரைவரால் சுற்றி வர நெம்பி, வெறுங்காலின் உள்ளங்காலால் கண்ணாடியின் மூலையை மெல்ல மெல்ல அழுத்தினார். வெளியே நின்றவர் இரண்டு கையையும் விரித்து ஏந்தியபடி, “இன்னும் கொஞ்சம்... நிறுத்து... இந்தப் பக்கம் விடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடி கீறலில்லாமல் கைக்கு வந்தது. கால் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அது குப்பை, இப்போது காசு.

என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கிய பிறகு மிஞ்சியது கூடு. அம்பாசிடரில் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே தாங்கி நிற்கும். அதனால் கடைசியில் கேஸ் கட்டிங்தான். ஹெரால்டு அப்படியில்லை. அடியில் தனிச் சேசிஸ், மேலே போல்ட்டில் பூட்டிய துண்டுகள். மட்கார்டோடு சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் கவிழும். ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மாமாவின் காரைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

“ஹெரால்டா? அதுக்குக் கேஸே வோணாம் சார். ஸ்பேனர் இருந்தா போதும், பொரி உருண்டைய உதுக்குற மாதிரி உதுத்துரலாம். இப்ப எங்க வருது அதெல்லாம்?”

வேலை பழகியபோது முதலில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய் இரண்டு நட்டு கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். “இது அம்பாசிடர், அரை இஞ்ச். இது ஃபியட், பதிமூணு.” அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் அதில் சும்மா உட்காரும். துருப்பிடித்த நட்டில் முழு பலம் கொடுத்தால் முனை மழுங்கி உருண்டுவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான். அம்பாசிடரின் பழைய என்ஜின் மாரிஸ் வம்சம், இஞ்ச் கணக்கு. ஃபியட், பத்மினி இத்தாலிய வழி, மில்லிமீட்டர் கணக்கு. தொண்ணூறுகளில் அம்பாசிடருக்குள் 1.8 லிட்டர் இசுஸு என்ஜின் வந்தது. அதுவும் மில்லிமீட்டர். அன்றிலிருந்து ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர். பெரியவர் பையில் கைவிட்டுத் தடவியே தேவையான ஸ்பேனரை எடுக்கிறார்.

நான் புதுப்பேட்டையை நினைத்து ஏங்குவது துருப்பிடித்த தகரத்துக்காக என்றுதான் எண்ணியிருந்தேன். இல்லை, இந்த அறிவுக்காகத்தான். கான்டசாவின் இசுஸு என்ஜினிலிருந்து அம்பாசிடருக்கு எது சேரும், மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் என்ஜினில் எதெல்லாம் பொது, அம்பாசிடருக்குள் மெட்டடோர் டீசல் என்ஜினை உட்கார வைக்க எந்த இடத்தில் வெட்டி ஒட்டணும், எல்லாம் ஆட்களின் தலையில் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் இதை அச்சடித்துக் கொடுக்கவில்லை. செத்துப்போன கம்பெனிகளின் கார்களுக்குக் கடைசி சர்வீஸ் சென்டர் இந்த மனிதர்கள்தான்.

குவியலும் மாறிவிட்டது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் முடிந்தது. இப்போது உடைக்க வருவது இண்டிகா, சான்ட்ரோ, பழைய ஸ்விஃப்ட். பிளாஸ்டிக் பம்பர் பிளந்தால் எடைக்குக்கூட ஆகாது. சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு மட்டும் தனி வியாபாரி தேடி வருகிறார். அதில் பிளாட்டினம், பல்லேடியம் உண்டு. நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அதை 1995-இல் கட்டாயமாக்கினார்கள். சென்சாரும் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்தபின் எது எதற்குச் சேரும் என்று கையால் தடவிச் சொல்ல முடிவதில்லை. “இதுக்கு லேப்டாப் வச்ச பையன் வேணும்” என்கிறார் பெரியவர். விற்காத இரும்பு கும்மிடிப்பூண்டி பக்கத்து உலைகளுக்குப் போய்க் கம்பியாகிவிடும்.

பழைய கார் மோகத்தில் எழுதுகிறவர்கள் துருவை அழகாக எழுதுவார்கள், கையை எழுத மாட்டார்கள். அன்று வேலை செய்த மூவரில் ஒருவரிடமும் கையுறை இல்லை. பழைய பிரேக் ஷூவை வாயால் ஊதித் துடைக்கிறார்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பேட்டரி ஆசிட், வடித்த ஆயில் எல்லாம் சாக்கடையைத் தேடிப் போனால் அடுத்த நிறுத்தம் கூவம். இதில் ரசிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு பயம் போலீஸ். வண்டி எங்கே திருடு போனாலும் விசாரணை முதலில் வருவது இங்கேதான் என்று ஒரு கடைக்கார பாய் அலுத்துக்கொண்டார். ஆர்.சி. நகல் இல்லாமல் வண்டியைத் தொடுவதில்லை என்று கனமான ஒரு ஃபைலைக் காட்டினார். எல்லாக் கடையும் அப்படி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மீரட்டில் திருட்டு வண்டி உடைப்புக்குப் பேர்போன சோத்திகஞ்ச் சந்தை, போலீஸ் நெருக்கடியில் 2021 டிசம்பரில் அடைபட்டது. யோக்கியமாக வியாபாரம் செய்தவனுக்கும் அன்று கடையில்லை.

அதே 2021-இல்தான் மத்திய அரசு பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையையும், பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்கான விதிகளையும் கொண்டுவந்தது. ஆயில், ஆசிட், கேஸ் எல்லாவற்றையும் முறையாக வடித்த பிறகே உடைக்க வேண்டும் என்கிறது விதி. நல்ல விதி. ஆனால் அதற்கேற்ற இடமும் முதலும் சந்துக் கடைக்காரரிடம் இல்லை. பெரிய முதலாளிதான் வருவார். வரட்டும். கண்ணாடியைக் காலால் அழுத்திக் கீறலில்லாமல் எடுக்கத் தெரிந்தவரை அவர் தேடிப் பிடித்து, கையுறையும் சம்பளமும் கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும். அப்படி வைக்கச் சொல்லி அரசு அந்த விதியில் ஒரு வரி சேர்த்தால் பெரியவரின் தொழில் அவரோடு போகாது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பழைய வண்டியைக் கழிக்கிறவர்கள் பணத்தை எண்ணி வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதிவு பெற்ற நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள், ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்தாகாத உங்கள் நம்பர் வேறொரு வண்டியில் ஏறினால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை.